அணுமின் விரிவாக்கம்: ஆலைக்கு வெளியே உள்ள அவசரகால மையம் தயாரா?

புதுதில்லி: நாட்டின் அணுமின் உற்பத்தித் திறனை 2047-ஆம் ஆண்டுக்குள் 100 கிகாவாட்டாக உயர்த்த மத்திய அரசு இலக்கு நிர்ணயித்துள்ளது. தற்போதைய திறன் ஏறத்தாழ 8.8 கிகாவாட் மட்டுமே. இந்த இடைவெளியை நிரப்ப, இதுவரை அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த அணுமின் துறையில் தனியாரும் நுழைவதற்கு, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம் வழிவகுத்துள்ளது.

புதிய உலைகளுக்கான முதலீடு, எரிபொருள், விபத்து இழப்பீட்டுக்கான உச்சவரம்பு ஆகியவை குறித்து விரிவான விவாதம் நடைபெற்று வருகிறது. ஆனால், விபத்து நேரிட்ட முதல் சில மணி நேரத்தில் யார், எந்த அறையில் இருந்து, எந்தத் தகவலின் அடிப்படையில் முடிவெடுப்பார்கள் என்ற கேள்வி அந்த விவாதத்தில் போதிய இடம் பெறவில்லை. உலையின் பாதுகாப்பு வேறு. அந்தப் பாதுகாப்பு தவறும்போது மக்களைக் காக்கும் ஏற்பாடு வேறு. இரண்டாவதன் மையமாக இருப்பவை அவசரகால நடவடிக்கை மையங்கள்.

ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011-இல் நேரிட்ட விபத்து, இத்தகைய இரு மையங்களின் கதையாகவும் அமைந்தது. ஆலை வளாகத்துக்குள் இருந்த மையம் தாக்குப்பிடித்தது. வெளியே இருந்தது கைவிடப்பட்டது. இந்தியாவுக்கான முக்கியப் பாடம் இந்த வேறுபாட்டில்தான் உள்ளது.

திறக்க முடியாத கதவு

ஃபுகுஷிமா விபத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2007 ஜூலை 16-ஆம் தேதி ஜப்பானின் நீகாத்தா பகுதியில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்குள்ள கஷிவாசாக்கி-கரிவா அணுமின் நிலையத்தில் மின்மாற்றி ஒன்று தீப்பற்றியது. தீயணைப்பு நிலையத்துடன் பேசுவதற்கான நேரடித் தொலைபேசி, அவசரகால நடவடிக்கை அறையில் இருந்தது. நிலநடுக்கத்தில் நிலை உருக்குலைந்ததால் அந்த அறையின் கதவைத் திறக்க முடியவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பின்னர் அந்த நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனம், தனது அணுமின் நிலையங்களில் நிலநடுக்க அதிர்வைத் தாங்கும் தனிக் கட்டடங்களை எழுப்பியது. தனி மின்னாக்கி, காற்று வடிகட்டி, தலைமையகத்துடன் காணொலித் தொடர்பு ஆகிய வசதிகள் அவற்றில் செய்யப்பட்டன. ஃபுகுஷிமா தாயிச்சி நிலையத்தில் அக்கட்டடம் 2010 ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது.

எட்டு மாதங்களில், 2011 மார்ச் 11-ஆம் தேதி, 9.0 அளவிலான நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலையும் அந்த நிலையத்தைத் தாக்கின. மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்டது. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. அந்த நாட்களில் நிலைய மேலாளர் மசாவோ யோஷிதாவும் நூற்றுக்கணக்கான பணியாளர்களும் தங்கியிருந்து பணியாற்றியது அந்தக் கட்டடத்தில்தான். அது இல்லாதிருந்தால் வளாகத்தில் தொடர்ந்து தங்கி உலைகளுக்கு நீர் செலுத்தும் பணி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பது கடினமல்ல.

ஐந்து கிலோமீட்டரில் தோல்வி

அதே நேரத்தில், நிலையத்திலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் ஓகுமா நகரில் இருந்த 'வெளிவளாக மையம்' செயலிழந்தது. மத்திய அரசு, மாகாண அரசு, உள்ளாட்சி நிர்வாகங்கள், ஆலை நிறுவனம் ஆகிய அனைத்துத் தரப்பினரும் ஒரே இடத்தில் கூடி, மக்களை வெளியேற்றுவது குறித்து முடிவெடுப்பதற்காகவே அது கட்டப்பட்டிருந்தது. நிலநடுக்கத்தால் அங்கு மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. சாலைகள் சேதமடைந்ததால், வரவேண்டிய அதிகாரிகள் பலர் வந்துசேரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அணு விபத்துக்காகவே கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில் கதிரியக்கத் துகள்களைத் தடுக்கும் காற்று வடிகட்டி இல்லை. இந்தக் குறையை ஜப்பானின் உள்விவகார, தகவல்தொடர்பு அமைச்சகம் 2009-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியும் அது சரிசெய்யப்படவில்லை. உள்ளே கதிர்வீச்சு உயர்ந்ததை அடுத்து மார்ச் 15-ஆம் தேதி மையம் கைவிடப்பட்டு, ஃபுகுஷிமா நகரில் உள்ள மாகாண அரசு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது.

இதன் விலையை மக்கள் கொடுத்தனர். முதல் நாள் இரவு 9.23 மணிக்கு 3 கி.மீ. சுற்றளவில் இருந்தோர் வெளியேற உத்தரவிடப்பட்டது. மறுநாள் அதிகாலையில் அது 10 கி.மீ. ஆகவும், அன்று மாலையே 20 கி.மீ. ஆகவும் விரிந்தது. ஒரு முறை இடம்பெயர்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. ஓகுமாவில் இருந்த ஃபுதாபா மருத்துவமனையிலும் அதனுடன் இணைந்த முதியோர் பராமரிப்பு இல்லத்திலும் இருந்தவர்களில், வெளியேற்றத்தில் ஏற்பட்ட தாமதத்தாலும் நெடும் பயணத்தாலும் சிகிச்சை தொடர முடியாததாலும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களின் உயிரைப் பறித்தது கதிர்வீச்சு அல்ல, ஒருங்கிணைப்பின்மை.

மூன்று அறைகளின் தோற்றம்

கட்டுப்பாட்டு அறையிலிருந்து நெருக்கடி மேலாண்மையைப் பிரிக்க வேண்டும் என்ற கருத்து, அமெரிக்காவின் திரீ மைல் தீவு நிலையத்தில் 1979 மார்ச் 28-ஆம் தேதி நேரிட்ட விபத்துக்குப் பின்னர் வலுப்பெற்றது. அன்று உலையை இயக்குவோர், மேலதிகாரிகள், வல்லுநர்கள் எனப் பலரும் ஒரே கட்டுப்பாட்டு அறையில் நெருக்கியடித்து நின்றனர். உலையை இயக்க வேண்டியவர்கள் கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டியவர்களாகவும் ஆயினர்.

இதையடுத்து அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று தனி வசதிகளைக் கட்டாயமாக்கியது. முதலாவது, பொறியாளர்கள் அமர்ந்து ஆலோசனை வழங்கும் தொழில்நுட்ப ஆதரவு மையம். இது கட்டுப்பாட்டு அறையிலிருந்து இரண்டு நிமிட நடைத் தொலைவில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு இணையான கதிர்வீச்சுத் தடுப்பும் அதற்கு வேண்டும். இரண்டாவது, பழுது நீக்குவோரும் கதிர்வீச்சு அளவிடுவோரும் கூடி, குழுக்களாகப் பிரிந்து செல்லும் செயல்பாட்டு ஆதரவு மையம். மூன்றாவது, வெளியுலகுடனான ஒருங்கிணைப்பைக் கவனிக்கும் அவசரகால நடவடிக்கை மையம். இது ஆலைக்கு 16 கிலோமீட்டருக்குள் அமைந்தால் கதிர்வீச்சுத் தடுப்புடன் இருப்பதோடு, தொலைவில் மாற்று மையம் ஒன்றும் வேண்டும் என வழிகாட்டுதல்கள் வரையறுத்தன.

சர்வதேச அணுசக்தி முகமை 2015-இல் வெளியிட்ட அவசரகாலத் தயார்நிலைத் தரங்களும் இதே பணிப் பகிர்வைப் பின்பற்றுகின்றன. எனவே என்ன கட்ட வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எங்கே, எவ்வளவு உறுதியாக, யாருடைய பொறுப்பில் என்பதில்தான் திட்டமிடல் தடுமாறுகிறது.

இந்தியாவின் சொந்த அனுபவங்கள்

இந்தியாவும் இத்தகைய சோதனைகளைச் சந்தித்துள்ளது. உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31-ஆம் தேதி அதிகாலையில் சுழலியின் தகடுகள் முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. மின்வடங்கள் எரிந்ததால் முதலாம் அலகில் சுமார் 17 மணி நேரம் மின்சாரம் முற்றிலும் இல்லை. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை சூழ்ந்ததால் பணியாளர்கள் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. தீயணைப்புக்கென இருந்த டீசல் பம்புகள் மூலம் நீராவி உற்பத்திக் கலன்களுக்கு நீர் செலுத்தப்பட்டு உலை குளிர்விக்கப்பட்டது. சர்வதேச அணு நிகழ்வு அளவுகோலில் 3-ஆம் நிலையில் வைக்கப்பட்ட இந்த விபத்தில் கதிரியக்கப் பாதிப்பு வெளியே ஏற்படவில்லை. ஆயினும், கட்டுப்பாட்டு அறையே பயன்படாமல் போகலாம் என்பதை அது ஐயத்துக்கு இடமின்றி உணர்த்தியது.

தமிழ்நாட்டின் கல்பாக்கம் வேறொரு பாடத்தைத் தந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை சென்னை அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பம்பு இல்லத்துக்குள் புகுந்தது. இயக்கத்தில் இருந்த இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால், கடலோரத்தில் இருந்த ஊழியர் குடியிருப்பில் உயிரிழப்புகள் ஏற்பட்டன. அவசரகாலத்தில் ஆலைக்கு விரைந்து வரவேண்டிய மாற்றுப் பணியாளர்கள் வசிப்பது அந்தக் குடியிருப்பில்தான். ஆலையைத் தாக்கும் பேரிடர், அதைக் காக்க வேண்டியவர்களின் வீடுகளையும் அதே மணி நேரத்தில் தாக்கக்கூடும் என்பதே கல்பாக்கம் தரும் எச்சரிக்கை.

குஜராத்தின் காக்ராபாரில் 2016 மார்ச் 11-ஆம் தேதி, முதலாம் அலகில் குளிர்விப்பானாகப் பயன்படும் கனநீர் கசிந்ததை அடுத்து ஆலை அளவிலான அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதே வளாகத்தில் 1994 ஜூன் மாதப் பெருமழையின்போது, மோதிசேர் ஏரியின் வெள்ளம் சுழலிக் கட்டடத்துக்குள் புகுந்தது. நெருப்பு, கடல், கசிவு, வெள்ளம் என நான்கு வகை நெருக்கடிகளை இந்திய அணுமின் நிலையங்கள் ஏற்கெனவே எதிர்கொண்டுள்ளன.

தற்போதைய ஏற்பாடு

இந்திய நடைமுறையில் அணுமின் நிலைய அவசரநிலை மூன்று படிகளாக வகுக்கப்பட்டுள்ளது: ஆலைக்குள் அடங்குவது, வளாகத்துக்குள் அடங்குவது, வளாகத்துக்கு வெளியே பரவுவது. முதல் இரண்டுக்கும் நிலைய நிர்வாகமே பொறுப்பு. மூன்றாவது அறிவிக்கப்பட்டால் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துக்கு மாறுகிறது. மாவட்ட ஆட்சியரே வெளிவளாக நடவடிக்கைகளின் இயக்குநராவார். மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்வது, அயோடின் மாத்திரை வழங்குவது, வெளியேற்றுவது ஆகிய நடவடிக்கைகள் அவரது தலைமையில் மேற்கொள்ளப்படுகின்றன.

இதற்காக ஆலையைச் சுற்றி 16 கி.மீ. வரையிலான பகுதி அவசரகாலத் திட்ட மண்டலமாகக் கருதப்படுகிறது. ஆலை அளவிலான ஒத்திகை காலாண்டுக்கு ஒரு முறையும், வளாக அளவிலானது ஆண்டுக்கு ஒரு முறையும், வெளிவளாக ஒத்திகை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் நடத்தப்பட வேண்டும். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-இல் இதற்கான விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கூடங்குளம் வழக்கில் 2013 மே மாதம் அளித்த தீர்ப்பில், இந்த வழிகாட்டுதல்களைச் செயல்படுத்துமாறு உச்சநீதிமன்றமும் அறிவுறுத்தியது.

ஃபுகுஷிமாவுக்குப் பின்னர் இந்திய நிலையங்களில் நடத்தப்பட்ட மறுஆய்வில், வெளி உதவி எதுவும் வராத சூழலிலும் 7 நாட்கள் உலைகளைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்கும் திறன் வலியுறுத்தப்பட்டது. ஒவ்வொரு வளாகத்திலும் நிலநடுக்கம், வெள்ளம், கதிர்வீச்சு ஆகியவற்றைத் தாங்கும் 'வளாக அவசரகால ஆதரவு மையம்' அமைப்பதும் நீண்டகால நடவடிக்கைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. யோஷிதா பணியாற்றிய கட்டடத்தின் இந்திய வடிவம் என்று இதைக் கூறலாம்.

அறை கட்டும்போது கேட்க வேண்டியவை

இத்தகைய மையத்தைத் திட்டமிடுவது வெறும் கட்டுமானப் பணி அல்ல. முதலில், எதை வைத்து அளவிடுவது என்ற கேள்வி எழுகிறது. ஃபுகுஷிமாவில் மூன்று உலைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உருகின. இந்தியாவில் பெரும்பாலான வளாகங்கள் பல உலைகளைக் கொண்டவை. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள ஆறு உலைகள் திட்டமிடப்பட்டு, இரண்டு இயங்குகின்றன. மகாராஷ்டிரத்தின் ஜெய்தாப்பூரில் ஆறு உலைகள் அமைக்கும் திட்டம் உள்ளது. ஒரு உலையின் விபத்தைக் கணக்கில் கொண்டு கட்டப்படும் அறையில், பல உலைகளைக் கவனிக்க வேண்டிய குழுக்களுக்கு இருக்கையும் இருக்காது, தகவல் திரையும் இருக்காது.

அடுத்தது காற்று. கட்டடம் இடியாமல் நின்றாலும் உள்ளே மூச்சுவிட முடியாவிட்டால் பயனில்லை என்பதை ஓகுமா காட்டியது. வடிகட்டி, உள்ளே சற்றுக் கூடுதல் காற்றழுத்தம், நுழைவாயிலில் உடைமாற்றவும் உடலைத் தூய்மைப்படுத்தவும் இடம் ஆகியவை வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பின்னர் சேர்ப்பது செலவும் தாமதமும் மிக்கது.

மூன்றாவது, தகவல். உலையின் வெப்பநிலை, அழுத்தம், நீர்மட்டம் ஆகியவை ஆலையின் மின்சாரம் போன பின்னரும் மையத்தை வந்தடைய வேண்டும். கைப்பேசிக் கோபுரங்கள் பேரிடரில் முதலில் ஓய்ந்துவிடும் என்பதால், செயற்கைக்கோள் தொலைபேசியும் வானொலித் தொடர்பும் மாற்று ஏற்பாடாக இருந்தாக வேண்டும்.

நான்காவது, மனிதர்கள். ஏழு நாட்கள் தாக்குப்பிடிப்பது என்றால் பணிமாற்றம் செய்ய ஆட்கள், உறங்க இடம், உணவு, குடிநீர், மருந்து எல்லாம் வேண்டும். குடும்பம் எங்கே இருக்கிறது என்று தெரியாத பணியாளர் எத்தனை மணி நேரம் நிதானத்துடன் பணியாற்ற முடியும் என்பதும் திட்டத்தில் இடம்பெற வேண்டிய கேள்வியே.

பலவீனமான பாதி

இவை அனைத்தும் ஆலை வளாகத்துக்குள் உள்ள மையத்துக்கானவை. இதற்கு நிதியும் பொறியாளர்களும் ஒரே நிர்வாகமும் உண்டு. வெளியே நிலைமை வேறு. மாவட்ட ஆட்சியரின் அலுவலகம் வெள்ளம், தேர்தல், சட்டம்-ஒழுங்கு என அனைத்தையும் கவனிக்கும் இடம். ஆட்சியர்கள் அடிக்கடி மாற்றப்படுகின்றனர். கடந்த வெளிவளாக ஒத்திகையை நடத்தியவர், அடுத்த ஒத்திகை நடக்கும்போது அதே மாவட்டத்தில் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

இந்தப் பலவீனம் புதிதாகக் கண்டறியப்பட்டதல்ல. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் குறித்து 2012-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, வெளிவளாக ஒத்திகைகள் தயார்நிலையில் உள்ள போதாமையை வெளிப்படுத்தியதாகக் குறிப்பிட்டது. அவற்றைச் சரிசெய்ய வாரியம் பரிந்துரைத்தாலும், அதை நிறைவேற்றச் செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை என்றும் சுட்டிக்காட்டியது. அணுமின் நிலையத்துக்கு உரிமம் வழங்கும் அமைப்பு, மாவட்ட நிர்வாகத்தைக் கேள்வி கேட்க முடியாது என்பதே இதன் பொருள்.

இதன் விளைவை எளிதில் ஊகிக்கலாம். வளாகத்துக்குள் உள்ள மையம் சில ஆண்டுகளில் நவீனமாகிவிடும். அங்கிருந்து வரும் எச்சரிக்கையைப் பெற்றுக்கொள்ளும் வெளி மையம், மின்தடைக்கும் அடைமழைக்கும் ஈடுகொடுக்க முடியாததாகவே நீடிக்கலாம். ஃபுகுஷிமாவின் அதே ஏற்றத்தாழ்வு இது. 16 கி.மீ. என்ற எல்லையும் மறுசிந்தனைக்கு உரியது. ஜப்பானில் ஒரே நாளுக்குள் வெளியேற்ற எல்லை 20 கிலோமீட்டரைத் தொட்டது. வெளிவளாக மையம் மண்டலத்துக்குள்ளேயே அமைந்தால், மக்களுடன் சேர்ந்து அதுவும் இடம்பெயர வேண்டியிருக்கும்.

புதிய சட்டம், புதிய கேள்விகள்

'சாந்தி' சட்டம் இரண்டு வகைகளில் இந்தச் சூழலை மாற்றுகிறது. முதலாவதாக, 1983-இல் நிர்வாக உத்தரவின் மூலம் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இப்போது சட்ட அங்கீகாரம் பெறுகிறது. தணிக்கையாளரின் அறிக்கை உட்படப் பல தரப்பினரும் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்த மாற்றம் இது. இரண்டாவதாக, உரிமம் பெறும் தனியார் நிறுவனங்கள் அணுமின் நிலையங்களை அமைத்து இயக்க முடியும்.

இதுவரை நிலையத்தை நடத்துவதும் அரசு நிறுவனம், மக்களைக் காப்பதும் அரசு என்பதால், வெளிவளாகச் செலவு யாருடையது என்ற கேள்வி கூர்மையாக எழவில்லை. இனி அது எழும். வெளி மையத்தின் கட்டுமானம், கருவிகள், சாலைகள், ஆண்டுதோறும் பராமரிப்பு ஆகியவற்றுக்கு உலை உரிமையாளர் பணம் தருவாரா, மாநில அரசு தருமா என்பதை விதிமுறைகள் தெளிவாகக் கூற வேண்டும்.

சிறிய உலைகள் மற்றொரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. உள்நாட்டில் உருவாக்கப்படும் குறைந்தது 5 சிறிய உலைகளை 2033-க்குள் இயக்கத்துக்குக் கொண்டுவர, 2025-26 மத்திய பட்ஜெட்டில் 20,000 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டம் அறிவிக்கப்பட்டது. எஃகு, சிமென்ட் போன்ற தொழிற்சாலைகளின் சொந்தத் தேவைக்காக 220 மெகாவாட் உலைகளை அமைக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. தொழிற்சாலைக்கு அருகே உலை என்றால், ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு அருகே உலை என்று பொருள். அமெரிக்கா 2023-இல் இறுதி செய்த விதியின்படி, சிறிய உலைகளுக்கு நிலையான 16 கி.மீ. எல்லைக்குப் பதிலாக, கணக்கிடப்படும் கதிர்வீச்சு அளவுக்கேற்ப மண்டலத்தை நிர்ணயிக்கலாம். அதே கோரிக்கை இந்தியாவிலும் எழக்கூடும். மண்டலம் சுருங்கலாம். ஆனால், அதைச் சாக்காக வைத்து மையமும் ஒத்திகையும் சுருங்கிவிடக் கூடாது.

உரிமத்துடன் இணைக்கலாம்

தீர்வு தொழில்நுட்ப அளவில் கடினமானதல்ல. வெளிவளாக மையத்தின் இடம், காற்று வடிகட்டி, மின்சாரம், தொலைத்தொடர்பு, மாற்று மையம் ஆகியவை தயாராகிச் சோதிக்கப்பட்ட பின்னரே உலையில் எரிபொருள் நிரப்ப அனுமதி என்று ஒழுங்குமுறை வாரியம் நிபந்தனை விதிக்கலாம். ஆட்சியர் மாறினாலும் மாறாத, பயிற்சி பெற்ற சிறு குழு ஒன்றை மாவட்ட அளவில் நிரந்தரமாக அமர்த்தலாம். ஒத்திகைகளில் கண்டறியப்பட்ட குறைகளையும் அவை சரிசெய்யப்பட்ட தேதிகளையும் அப்பகுதி மக்களின் மொழியில் வெளியிடலாம். ஒத்திகையை நல்ல வானிலையில், வார நாளின் முற்பகலில் மட்டும் நடத்தாமல், மழை இரவிலும் விடுமுறை நாளிலும் நடத்திப் பார்க்கலாம்.

ஹரியாணாவின் கோரக்பூரில் கட்டுமானம் நடைபெறுகிறது. ராஜஸ்தானின் மாஹி பன்ஸ்வாடா திட்டத்துக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கெல்லாம் மையங்களை முறையாகத் திட்டமிட இன்னும் கால அவகாசம் உள்ளது. ஃபுகுஷிமாவின் உள் மையம் விபத்துக்கு எட்டு மாதங்களுக்கு முன்பு தயாரானது. அதன் வெளி மையத்தின் குறை, விபத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. இந்தியாவில் அத்தகைய குறைகள் 2012 முதலே எழுத்தில் உள்ளன. அவை புதிய உரிமங்களின் நிபந்தனைகளாக மாறுமா என்பதே, 100 கிகாவாட் இலக்குடன் சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.